அட்மிஷன் ஃபாரத்தில் இருந்த நம்பர்

"ஸ்கூல் மெசேஜ் ஒண்ணுமே எனக்கு வாரதில்லைங்க சிஸ்டர். இன்னைக்கு அரை நாள்னு பக்கத்து வீட்ல சொல்லித்தான் ஓடியாரேன். யாழினி எங்கங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் செவந்தி.

போன மாதம்தான் ஜெகதாப்பட்டினம் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியை சிஸ்டர் அமலி சிரித்தார். "அட்மிஷன் ஃபாரத்துல இருக்குற நம்பருக்குத் தினமும் அனுப்புறேனே! யாழினி அப்பா உடனே பார்த்துடுறார். இன்னைக்கு 'வாரேன்'னு பதில் போட்டு, இப்பத்தான் வந்து கூட்டிட்டுப் போனார்."

செவந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மாசியில படகு கவுந்தப்ப அந்த போன் அவரு சட்டைப்பையிலதான் இருந்துச்சு. இன்னும் ஒடம்புகூடக் கெடைக்கல சிஸ்டர்."

சிஸ்டர் எழுந்துவிட்டார். "அப்ப நான் பிள்ளையை யார்கிட்ட அனுப்பினேன்? 'அப்பா'ன்னு ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாளே! கையெழுத்துகூட வாங்கினேன்."

பதறியபடி ரிஜிஸ்டரைத் திறந்து நீட்டினார்.

அவள் கணவனின் கையெழுத்தேதான். மை கலங்கி, தாள் ஈரமாக இருந்தது. அதைத் தொட்ட விரலைச் செவந்தி மெல்ல நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.