பதினெட்டிலேயே நின்ற பலகை

"யோவ், என் கரிப்பெட்டிய குத்தம் சொல்லாத! உங்க புகைக்கூண்ட போய்ப் பாரு!"

இஸ்திரிக்காரி தொழிற்சாலை வாசலில் நின்று கத்தினாள். கையில் புண்ணியகோடி வாத்தியாரின் வெள்ளை வேட்டி. வேட்டி முழுக்கக் கரும்புள்ளி.

உள்ளே ஆலைக் கழிவுகளை எரிக்கிறார்கள். எதிரே அவள் இஸ்திரி வண்டி. புள்ளி விழுவது அவள் கரியால்தான் என்று வாத்தியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வண்டியில் நாலே உருப்படி.

கம்பிக் கதவுக்கு உள்ளே அவன், ஆலை ஊழியன். புகையில் எவ்வளவு தூசி என்று அளக்கும் கருவி அவன் பொறுப்பு.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? பலகையில பதினெட்டு. அம்பது வரைக்கும் போகலாம்."

வாசல் மின்பலகையில் பதினெட்டுதான் எரிந்தது. பச்சையில்.

நாங்கள் நாலு பேர் பால் வாங்க வந்தவர்கள். வாங்கியாயிற்று. போகவில்லை.

அவள் குரல் இறங்கியது.

"ஆயுத பூஜையன்னைக்கு உலைய அணைச்சிருந்தீங்க. அன்னைக்கும் பதினெட்டு. எதை எரிச்சீங்க, பொரிகடலையா?"

யாரோ சிரித்தார்கள். நான்தான்.

அவன் சிரிக்கவில்லை.

பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்தது அவன். புகைக்கூண்டின் மேலே இருக்கும் கருவியின் கண்ணாடிக்கும் வைத்திருக்கிறான். எண் எகிறியிருக்கிறது. பயந்துபோய்ப் பராமரிப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறான். அமுக்கினால் பலகை பழைய எண்ணிலேயே நிற்குமாம்.

பத்து நாளாக நின்றது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

"உள்ள வாய்யா" என்று மேலாளர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

அவன் போகவில்லை. துடைக்கத் துணி வேண்டும் என்று அவளிடமே கை நீட்டினான்.

அவள் வாத்தியார் வேட்டியைக் கொடுத்தாள்.

புகைக்கூண்டு ஏணியில் ஏறினான். கண்ணாடியிலிருந்த சந்தனத்தைத் துடைத்தான். இறங்கிப் போய்ப் பொத்தானை விடுவித்தான்.

பலகை ஒரு கணம் இருண்டது.

நூற்று நாற்பத்து மூன்று. சிவப்பில்.

தூசி பிடிக்கும் பை ஒன்று கிழிந்திருந்ததாம். மறுநாளே மாற்றினார்கள். அவனையும் மாற்றினார்கள்.

வாத்தியார் துணிமூட்டையோடு தானே வந்தார். மற்றவர்கள் துணியை எல்லாம் முடித்துவிட்டு அவள் அவரைக் கடைசியாகக் கவனித்தாள்.

அவன் ராணிப்பேட்டையில் வேறு வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி.

தை பிறந்ததும் அவளும் ராணிப்பேட்டைக்குக் கிளம்பினாள். அங்கே யாரையும் தெரியாது என்றாள்.

நாங்களும் தெரியாத மாதிரியே கேட்டுக்கொண்டோம்.