"நான்தான்" என்று சொன்ன கணினி

தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றும் பரிசோதனைக்கூடத்துக்காரியின் கழுத்தில் வியர்வை வழிகிறது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒருத்தியின் காலைக் கீறி வைத்துக்கொண்டு டாக்டர் காத்திருக்கிறார். அங்கிருந்து வந்த கட்டித் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாயிற்று; புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான், காலை எடுக்க வேண்டாம் என்று இவளுக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் வராமல் அவர் நம்பமாட்டார். இவள் அனுப்பிய மெயிலோ மூன்றாம் முறையும் திரும்பி வந்து திரையில் சிவப்பாக நிற்கிறது. காலையில்தான் பொருத்திய புதுக் கணினி. அதன் முன் குனிந்திருக்கும் கம்ப்யூட்டர்காரர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியோட மெயில் சர்வர் வாசல்ல நின்னு யாருன்னு கேக்குது. நம்ம மெஷின் 'நான்தான்'னு சொல்லுது. நான் அதுக்குப் பேரே வைக்கல!"

"நான்தான்னா எவன் கதவத் திறப்பான்? அங்க ஒருத்தி மயக்கத்துல கிடக்கா, சீக்கிரம் பேர வைங்கண்ணே!"

அவர் ஒற்றை விரலால் பரிசோதனைக்கூடத்தின் முழு இணையப் பெயரையும் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறார். ஜன்னல் வெயில் கண்ணாடித் தகடுகளில் பட்டுச் சுவரெல்லாம் துள்ளுகிறது. அவள் தோளில் இடுக்கிய போனில் ஆஸ்பத்திரி நர்ஸின் மூச்சு கேட்கிறது.

"புள்ளிய விட்டுட்டீங்க!"

"இரும்மா, பேர் வைக்கும்போது அவசரப்படுத்தாத."

புள்ளியை வைத்து, பொத்தானை அமுக்கி மெயிலை மறுபடி அனுப்புகிறார். சிவப்பு மறைகிறது. போனில் யாரோ ஓடுகிறார்கள், ஒரு கதவு அடித்துக்கொள்கிறது, பிறகு நர்ஸின் குரல்:

"வந்துருச்சுக்கா. டாக்டர் தையல் போட நூல் கேக்குறாரு."