பலூன் விளக்கு

ஊதிக் கட்டிய பலூனின் மேல், பசையில் தோய்த்த நூலை அக்கா சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா இந்தப் பாடு? கடையில ஒண்ணு வாங்கினா ஆச்சு” என்றாள், ஊரிலிருந்து வந்திருந்த தங்கை.

“வாங்கினா உங்க அத்தான் போட மாட்டார். நான் செஞ்சதுன்னா போட்டுத்தானே ஆகணும்?”

“வந்ததுலேருந்து பாக்கறேன், பொழுது சாஞ்சும் வீட்டுல லைட்டே போடறதில்ல. அத்தான் அவ்வளவு கஞ்சமா?”

அக்கா சிரித்துக்கொண்டே நூலை இழுத்துச் சுற்றினாள்.

மறுநாள் நூல் காய்ந்து இறுகியதும் பலூனைக் குத்தி உடைத்தாள். தங்கை உள்ளே பல்பை மாட்டினாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவரின் கையில் விளக்கைக் கொடுத்தாள் அக்கா. அவர் திகைத்து நின்றார்.

“விபத்துல பார்வை போனது எனக்குத்தாங்க. எனக்கில்லாத வெளிச்சம் உங்களுக்கும் வேண்டாம்னு இருட்டுல உக்காந்திருக்கீங்க. சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல பேப்பர் புரட்டற சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு.”

அவர் விளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டார். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய பேப்பரைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அரசியல் வேணாம். சினிமாப் பக்கத்துலேருந்து படிங்க” என்றாள்.