பெயர் மறைத்த கணக்கு

"ஆயிரம் தடவ கேட்டாலும் போட மாட்டேன் சார்."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி மேசையில் வைத்தாள் கறார் அக்கா. அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள், அவளோ விருது வாங்கினாற்போல் வைத்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி. அவரும் இன்ஜினியர்தான். ஆனால் இந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கணக்கை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. திங்கட்கிழமை திறப்பு விழா என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

மொட்டைமாடியில் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அடியில் இருக்கும் நான்கு தூண்களும் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பது அவள் கணக்கு. தாங்கும் என்று கையெழுத்துப் போட்டால் இன்று மதியமே தண்ணீர் ஏற்றிவிடுவார்கள். தொட்டிக்கு நேர் கீழே பிரசவ வார்டு.

போடாவிட்டால் வேலை போகும். அதையும் சார் வாய்விட்டே சொல்லியாகிவிட்டது. உள்ளே வருமுன் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருந்தாள். "போனாப் போகுது, ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கு" என்றார் மனுஷன். அப்புறம் என்ன பயம்?

பயமில்லைதான். ஆனால் இவள் போனால் வேறு யாராவது வந்து கையெழுத்துப் போட்டுத் தொலைப்பார்களே! அதற்காகத்தான் பத்து நாளைக்கு முன்பே கணக்கு முழுவதையும் இன்ஜினியர்கள் சங்கத்துக்கு அனுப்பியிருந்தாள்.

உலகம் பூராவும் கிளை உள்ள சங்கம். அவளை அதில் சேர்த்துவிட்டதே சார்தான். உறுப்பினர் யாராவது தன் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்டால், ஆள் பெயர், கம்பெனி பெயர், கட்டடம் எதற்கு என்பது எல்லாவற்றையும் தலைமையகத்தில் அடித்து மறைத்துவிடுவார்கள். பிறகு அதே ஊர்க் கிளையில் உள்ள இரண்டு மூத்தவர்களுக்கு அனுப்புவார்கள். உள்ளூர் மண்ணைப் பற்றி உள்ளூர்க்காரருக்குத்தானே தெரியும்? கேட்டவர் யார், பார்த்தவர் யார் என்பது இருவருக்குமே தெரியாது.

பதில் இன்று காலைதான் வந்தது. இரண்டு அறிக்கை. அச்சடித்து வந்து நீட்டினாள்.

"எனக்கே சங்கத்தக் காட்டுறியாம்மா?" என்று சிரித்தார் சார்.

முதல் அறிக்கையைப் பார்த்தும் பார்க்காமலும் ஓரமாகத் தள்ளினார். இரண்டாவதைக் கேலியாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"தூண்கள் தாங்காது. கணக்குப் போட்டவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டிருக்கிறார். இவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி..."

அத்தோடு நின்றுவிட்டது குரல்.

தாளைக் கவிழ்த்து வைத்தார். போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். தண்ணீர் ஏற்ற வேண்டாம், தூண்களைப் பலப்படுத்தியபிறகு பார்க்கலாம், திறப்பு விழாவைத் தள்ளி வையுங்கள் என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டத் தயாராக வந்தவள் அவள். இரண்டு வரிக்கே மனுஷன் இறங்கிவிட்டாரே!

"மீதியப் படிக்கலையே சார்?"

சார் தாளைத் திருப்பவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"...யாராவது நெருக்கினால், சங்கம் இவர் பக்கம் நிற்க வேண்டும்."

கவிழ்த்த தாளை அவள் பக்கம் தள்ளி, "போன ஞாயித்துக்கிழம முழுக்க உக்காந்து நான்தாம்மா எழுதினேன்" என்றார்.