மாப்பிள்ளைதான் வில்லன்

"படத்துக்கா? என் படத்துக்கா? அக்கா, நீ தடுத்திருக்கக் கூடாதா?"

"நான் எப்படிடா தடுக்க? 'மாப்பிள்ளை நடிச்ச படமாச்சே, குடும்பத்தோட கிளம்பிட்டோம்'னு பொண்ணோட அப்பா போன்ல சொல்றார். போகாதீங்கன்னா சொல்ல முடியும்?"

நடிகன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை காலம் கும்பலில் ஒருத்தனாக நின்றவனுக்கு இதுதான் முதல் பெரிய வேஷம். மனநல டாக்டர். இடைவேளை வரைக்கும் சொக்கத் தங்கம். அதற்கப்புறம்தான் தெரியும், நோயாளிகளைப் பேசிப் பேசியே பைத்தியமாக்கித் தீர்த்துக்கட்டுகிற படுபாவி அவன்தான் என்று.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதுதான் வம்பே. தியேட்டர் வாசலில் ஒரு அம்மாள், "நீயெல்லாம் நல்லா இருப்பியாடா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டாள். மேல்வீட்டுக்காரர் அவனோடு லிஃப்டில் ஏறப் பயந்து மூச்சு வாங்கப் படியேறுகிறார். தையல்காரரோ டேப்பை அவன் கையிலேயே கொடுத்து, "நீங்களே அளந்து சொல்லிடுங்க சார்" என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"அதெல்லாம் உன் நடிப்புக்குக் கிடைச்ச பாராட்டுடா!" என்றாள் அக்கா.

"பாராட்டு சரி. பொண்ணு குடுப்பாங்களா?"

அவனுக்கு அந்தப் பெண்ணை மனசாரப் பிடித்திருந்தது. முதல் தடவை பேசும்போதே அவனை வாரு வாரென்று வாரியவள். இனி எங்கே போய்த் தேடுவது அப்படி ஒருத்தியை?

மூன்று மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. அக்கா சட்டென்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"மாப்பிள்ளை! படம் பார்த்தோம். அடடா, என்ன ஒரு பொறுமை, என்ன ஒரு குணம்! அந்த நோயாளிப் பொண்ணுக்கு நீங்க ஆறுதல் சொன்னீங்களே, என் சம்சாரம் தேம்பித் தேம்பி அழுதுட்டா. கல்யாணத்தை அடுத்த மாசமே வச்சுக்கலாம்!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாமா... கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?"

"எங்கே பார்த்தோம்? இடைவேளையில பொண்ணுக்குத் தலை சுத்திடுச்சு. நிக்கக்கூட முடியலை. பதறிப்போய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இப்ப பரவாயில்லை, தூங்கறா."

அவன் போனை வைத்தான். அக்கா, "அப்பாடா, பிழைச்சோம்!" என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. 'உடம்பு எப்படி இருக்கு?' என்று அவளுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டான்.

தூங்குகிறவளிடமிருந்து உடனே பதில் வந்தது.

'உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. முந்தாநாளே தோழிகளோட போய் முழுப்படமும் பார்த்துட்டேன். இடைவேளைக்கு மேல அப்பாவை உட்கார விட்டா நமக்குக் கல்யாணம் நடக்குமா? உங்க நடிப்பு சுமார்தான். என் நடிப்பு எப்படி?'