பிள்ளையாருக்குப் பின்னால் எரியும் விளக்கு

காரில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தில்லைநாயகம் ஆழ்ந்து யோசித்து, அதன்மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினார்.

"மழையில அழுத்திப் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கும்பா," என்றாள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

"உங்கம்மா இந்த வண்டியில ஒருநாளாவது பயந்திருக்காளா?"

"கண்ணை மூடிக்கிட்டுல்ல உட்கார்ந்திருந்தாங்க!"

பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த அவளை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய தலைமைப் பொறியாளரின் இடது கை தானாக நீண்டு, மனைவி இறந்ததிலிருந்து காலியாகவே இருக்கும் பக்கத்து இருக்கையிலிருந்து அவள் முன்னால் சரிந்துவிடாதபடி தடுத்துப் பிடித்தது.