வலப்பக்க இருக்கை

"இருங்க, பஸ் ஒண்ணு வருது. ம், இப்ப போங்க."

போனேன். முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரி பின்னால் போயிற்று. என் மனைவி ஏதோ பெரிய காரியத்தை முடித்தவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தாள்.

இந்தக் காருக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம். எங்கள் சாலைகளுக்குத் தோதுப்படாத வண்டி. லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. வலப்பக்கம் இருப்பவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கிங் மெஷின் நீட்டும் சீட்டையும் அவள்தான் வாங்குகிறாள். வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுகிறாள். கார் வந்து ஒரு மாதம் ஆகியும் அது அவளுக்கு அலுக்கவில்லை.

"ஊர்க் காரையெல்லாம் பாத்த மெக்கானிக், தனக்குன்னு வாங்கினது இப்படியா" என்று மகள் சிரித்தாள். மலிவாகக் கிடைத்தது என்றேன். மலிவும் இல்லை, சுலபமாகக் கிடைக்கவும் இல்லை. ஒன்றரை வருடம் தேடினேன்.

காரணம் என் இடது காது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், பட்டறையில் காற்றடித்துக்கொண்டிருந்த லாரி டயர் வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது காது மட்டும் சுத்தமாகப் போயிற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, சரியாகிவிடுமாம் என்று சொன்னேன்.

வேறென்ன சொல்வது? ஸ்குரூடிரைவர் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எங்கே கோளாறு என்று சொல்கிறவன் நான். அந்தப் பேரில்தான் பட்டறை ஓடுகிறது. அரைச் செவிடு என்று தெரிந்தால் எவன் வண்டியைக் கொண்டுவருவான்? மனைவியிடம் சொன்னால் அவள் அக்காவிடம் சொல்வாள். அக்காவிடம் சொன்னபிறகு ரேடியோவில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காதை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படியோ சமாளித்தேன். பழைய காரில்தான் முடியவில்லை. அதில் அவள் இருக்கை என் இடப்பக்கம். வாய் அசைவது மட்டும் ஓரக்கண்ணில் தெரியும். "உம்" என்பேன்.

ஒரு உம்மில் வீட்டுத் திரைச்சீலை முழுக்க ஆரஞ்சு நிறமாயிற்று. ஒரு உம்மில் பூனை வந்தது. ஒரு உம்மில் அவள் அக்கா குடும்பத்தோடு வந்து மூன்று வாரம் தங்கினாள். "கார்ல கேட்டேனே, சரின்னீங்களே" என்பாள். வாயைத் திறக்க முடியுமா?

அதுகூடப் போகட்டும். அந்தக் காரில் அவள் எதையோ சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரிப்பேன். அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது எல்லாம் கேட்கிறது. கடைப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டு வருகிறாள். சிக்னலில் நிற்கும் நாய்க்குப் பெயர் வைக்கிறாள். தூங்கினால் மெல்லிசாக ஒரு குறட்டை. இன்றைக்குக் கிளம்பியதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் புதுத் தொப்பியைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது.

போக வேண்டிய ரொட்டிக் கடையைத் தாண்டித்தான் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தோம்.

நடைபாதையில் எனக்கு வலப்பக்கம் மதில், அதை ஒட்டி மழைத் தண்ணீர். இடப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது. காரைச் சுற்றிக்கொண்டு அவள் இடப்பக்கம்தான் வந்து சேர்ந்தாள். வந்தவள் என் முதுகுக்குப் பின்னால் போய், செருப்பு நனைய நனைய, மதிலுக்கும் எனக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

இங்கே ஏன் வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன்.

கட்டிலில் அவள் இடம் மாறிப் படுத்தது ஞாபகம் வந்தது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சாப்பாட்டு மேசையில் நாற்காலி மாறினாள், கண்ணில் வெயில் படுகிறது என்றாள். சினிமாவுக்குப் போனபோது, முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்று எழுந்து என்னைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள்.

எல்லாம் டயர் வெடித்த அந்த மாதம். எல்லாத் தடவையும் என் வலப்பக்கம்.

நின்றுவிட்டேன். அவளும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கார்ல மட்டும்தான் எனக்கு மாறி உக்கார வழியில்லாம இருந்துச்சு" என்றாள்.

ரொட்டிக் கடை வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கடைக்குள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது.

"அப்போ உங்க அக்கா வந்து மூணு வாரம் இருந்தது?"

அவள் ஒரு ரொட்டியை எடுத்து, புதுசுதானா என்று மும்முரமாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.